கடைசிப் பெட்டிக்காரனின் பென்சில்வேனியா நாட்குறிப்பு

முதல் நாள்: ரான்க்ஸ்

சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். ஜோலார்பேட்டையில் ஏறினால் சேலம், ஈரோடு. திரும்பும்போதும் அதே வழி. கார்டு என்றுதான் எங்களை அழைத்தார்கள். 2022 ஜனவரியில் அந்தப் பெயரை 'டிரெயின் மேனேஜர்' என்று மாற்றினார்கள். அதற்குள் நான் ஓய்வு பெற்றிருந்தேன்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஹாரிஸ்பர்கில் இருக்கும் மகளைப் பார்க்க வந்திருக்கிறேன். "அப்பா, உங்களுக்கு ஓர் இடம் காட்டுகிறேன்" என்றவள், எங்கே என்று சொல்லாமலேயே ஒரு மணி நேரம் காரை ஓட்டினாள். நவீன வசதிகளை விலக்கி வாழும் ஆமிஷ் மக்களின் சோள வயல்களுக்கு நடுவே கார் நின்றது. வரிசையாகக் கடைசிப் பெட்டிகள்! ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ரயில் கம்பெனியின் வண்ணம். எஞ்சினும் இல்லை, முன்னால் ஒரு வேகனும் இல்லை. இது ஒரு விடுதி. 'ரெட் கபூஸ் மோட்டல்' என்று பெயர்.

நாம் கார்டு பெட்டி, பிரேக் வேன் என்பதை அமெரிக்கர்கள் கபூஸ் என்கிறார்கள். கப்பலின் சமையலறையைக் குறித்த டச்சுச் சொல் அது. பெயர் பொருந்தத்தான் செய்கிறது. அதில் அடுப்பு இருந்தது, படுக்கை இருந்தது. பல நாள் ஊர் திரும்பாத ஆட்களுக்கு அதுவே வீடாகவும் இருந்தது. 1970இல் டொனால்ட் டென்லிங்கர் என்பவர், கழித்துக்கட்டப்பட்ட 19 கபூஸ்களை மொத்தமாக வாங்கிவந்து இந்த விடுதியைத் தொடங்கினார். பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டிய பெட்டிகள், மெத்தையும் குளியலறையும் பெற்றுப் பிழைத்துக்கொண்டன.

இரவு பத்து மணி. எனக்குக் கிடைத்த பெட்டியில் படுத்துப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை. கடைசிப் பெட்டியில் கண் அசருவது எங்கள் வேலையில் பெருங்குற்றம். 31 ஆண்டுப் பழக்கம் ஒரே இரவில் விடுமா? எழுந்து வாசல் படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பக்கத்தில் ஸ்ட்ராஸ்பர்க் ரயில்பாதை. 1832இல் உரிமம் பெற்ற அந்தச் சிறு பாதையில் இன்றும் நீராவி எஞ்சின் ஓடுகிறது. மாலையில் ஒன்று ஊதிக்கொண்டு போனது. கை தானாக இடுப்பில் கொடியைத் தேடியது.

இரண்டாம் நாள்: ஸ்ட்ராஸ்பர்க்

பென்சில்வேனியா ரயில்பாதை அருங்காட்சியகம் இங்கிருந்து கூப்பிடு தூரம். எல்லாரும் ராட்சத நீராவி எஞ்சின்களைச் சுற்றி நின்றார்கள். நான் கபூஸ்கள் இருக்கும் பக்கம் போய்விட்டேன்.

இந்தப் பெட்டி ஏன் பிறந்தது என்பதற்குப் பிரேக்கிலிருந்து தொடங்க வேண்டும். ஆரம்ப காலத்தில் எஞ்சினிலிருந்து ரயில் முழுவதற்கும் பிரேக் போட வழியில்லை. டிரைவர் ஊதல் கொடுப்பார். பிரேக்மேன்கள் ஓடும் ரயிலின் கூரை மேல் ஒவ்வொரு பெட்டியாகத் தாவிப் போய், இரும்புச் சக்கரத்தைக் கையால் திருகிப் பிரேக்கை இறுக்குவார்கள். ரயிலின் வாலில் அவர்கள் ஒதுங்கிக்கொள்ளத்தான் இந்தப் பெட்டி. பனி உறைந்த கூரை, இருட்டு, குறுக்கே வரும் பாலங்கள். எத்தனையோ பேர் அப்படி விழுந்து செத்தார்கள். பெட்டிகளை இணைக்கும் வேலை இன்னும் கொடியது. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே நின்று கையாலேயே ஆணியைச் செருக வேண்டும். விரல் முழுதாக இருக்கும் பிரேக்மேன் வேலைக்குப் புதியவன் என்று சொல்வார்களாம்.

எஞ்சினிலிருந்தே குழாய்க் காற்றழுத்தத்தால் ரயில் முழுவதற்கும் பிரேக் போடும் காற்றுப் பிரேக்கை ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869இலேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அதைச் சரக்கு ரயில்களுக்குக் கட்டாயமாக்கும் சட்டம் 1893இல்தான் வந்தது. அயோவாவைச் சேர்ந்த லொரென்சோ காஃபின் என்ற விவசாயி, ஒரு பிரேக்மேன் விரல்களை இழந்ததை நேரில் பார்த்துவிட்டு, ஆண்டுக்கணக்கில் இதற்காகப் போராடினார். ரயில் வேலையில் இல்லாத ஒருவர் எங்கள் இனத்துக்காக அவ்வளவு பாடுபட்டிருக்கிறார். அவர் பெயரை நாட்குறிப்பில் தனிவரியாக எழுதிவைத்தேன்.

கூரையின் மேல் சின்னப் பெட்டி போல உயர்ந்து நிற்கும் கண்ணாடி மாடத்தைக் கியூபோலா என்கிறார்கள். 1863இல் சிகாகோ அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயிலில் வாட்சன் என்ற கண்டக்டர், தனக்குக் கிடைத்த பழைய பெட்டியின் கூரையில் ஓட்டை இருப்பதைப் பார்த்தார். சாமான்களை அடுக்கி, மேலே ஏறித் தலையை வெளியே நீட்டினார். ரயில் முழுவதும் கண்ணில் பட்டது. அப்படித்தான் மாடம் பிறந்தது என்பது ரயில்காரர்கள் காலங்காலமாகச் சொல்லும் கதை. கதையோ நிஜமோ, எனக்கு அதில் சந்தேகமே இல்லை. கடைசிப் பெட்டியில் இருப்பவனுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று பார்க்கும் தவிப்பு எப்போதும் உண்டு.

பின்னாளில் சரக்குப் பெட்டிகள் உயரமாகிவிட்டதால் மாடத்திலிருந்து பார்த்தால் முன்னே நிற்கும் பெட்டியின் முதுகு மட்டுமே தெரிந்தது. அதனால் சில கம்பெனிகள் மாடத்தை விட்டுவிட்டு, பக்கச் சுவரையே வெளியே பிதுக்கி ஜன்னல் வைத்தன. பால்டிமோர் அண்ட் ஓஹையோ கம்பெனிக்கு இந்த வகைதான் பிடித்தமானது.

ஒரு சந்தேகம் வரக்கூடும் என்பதால் சொல்லிவிடுகிறேன். இங்கே கண்டக்டர் என்றால் டிக்கெட் கொடுப்பவர் என்று நினைத்துவிட வேண்டாம். சரக்கு ரயிலிலும் கண்டக்டர் உண்டு. ரயிலுக்குப் பொறுப்பாளி அவர்தான், டிரைவர் இல்லை. நம் ஊரில் கார்டு எப்படியோ அப்படி.

மூன்றாம் நாள்: குதிரை லாட வளைவு

ஸ்ட்ராஸ்பர்கிலிருந்து மேற்கே மூன்று மணி நேரப் பயணம், அல்டூனா. பென்சில்வேனியா ரயில்வேயின் பெரும் பட்டறைகள் இருந்த ஊர். ஊருக்கு வெளியே மலையில் அந்தப் புகழ்பெற்ற வளைவு இருக்கிறது. அலெகேனி மலையை நேராக ஏற முடியாததால், ஒரு பள்ளத்தாக்கின் இரண்டு பக்கங்களையும் தழுவி, குதிரை லாடம் போலப் பாதையை வளைத்திருக்கிறார்கள். வளைவு மட்டும் 2,375 அடி நீளம். 1854இல் திறக்கப்பட்டு இன்றுவரை சரக்கு ரயில்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன.

194 படிகள். முழங்கால் வலித்தாலும் ஏறினேன். மேலே வளைவின் நடுவில் ஒரு பூங்கா. ரயில் நம்மைச் சுற்றிக்கொண்டு போகும். பெரிய ரயிலாக இருந்தால் ஒரு பக்கம் எஞ்சின் இறங்கிப் போய்க்கொண்டிருக்கும்போதே மறுபக்கத்தில் அதன் பெட்டிகள் வந்துகொண்டிருக்கும்.

வளைவு எங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை இங்கே சொல்ல வேண்டும். நேர்ப்பாதையில் கடைசிப் பெட்டியிலிருந்து பார்த்தால் பக்கத்தில் உள்ள சில பெட்டிகள்தான் தெரியும். வளைவில் திரும்பும்போதுதான் ரயில் தன் விலாவை முழுக்கக் காட்டும். பொம்மிடி தாண்டி லோக்கூர் வளைவுகள் வரும்போதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே தலை நீட்டிப் பார்ப்பேன். எங்காவது புகை வருகிறதா, பிரேக் கட்டை ஒட்டிக்கொண்டு தீப்பொறி பறக்கிறதா, தார்ப்பாய் அவிழ்ந்து ஆடுகிறதா, கதவு திறந்து தொங்குகிறதா? சக்கரத்தின் அச்சு சூடேறுவதை நாங்கள் ஹாட் ஆக்சில் என்போம். இங்கே ஹாட் பாக்ஸ். அந்தக் காலத்தில் அச்சின் முனை, எண்ணெயில் ஊறவைத்த பருத்திக் கழிவு அடைத்த பெட்டிக்குள் சுழலும். எண்ணெய் வற்றினால் புகையும், பிறகு எரியும், கடைசியில் அச்சே முறிந்து ரயில் கவிழும். கண்ணுக்குப் புகை தெரிவதற்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிடும். கருகிய எண்ணெயின் நெடியை ஒருமுறை முகர்ந்தவன் மறக்க மாட்டான்.

அரை மணி நேரத்தில் மலையிலிருந்து கிழக்கு நோக்கி ஒரு கன்டெய்னர் ரயில் இறங்கியது. எஞ்சின் டிரைவர் கை காட்டினார். நானும் காட்டினேன். பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன. பழக்க தோஷம், ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். சட்டைப் பையில் சின்ன நோட்டு உண்டு. பணியிலிருந்தபோது நேரம் குறிக்கப் பழகிய நோட்டுப் பழக்கம் இன்னும் போகவில்லை. நேரத்தை எழுதிவிட்டு, கடைசிப் பெட்டி வரும்போது 'ஆல் ரைட்' காட்ட வலது கையை உயர்த்தினேன்.

கடைசிப் பெட்டியில் யாரும் இல்லை. யாரும் இருக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் கை உயர்ந்துவிட்டது. பெட்டிகளை இணைக்கும் கப்ளிங்கில் மாட்டிய ஒரு சின்னப் பெட்டி மட்டும் ஆடாமல் அசையாமல் போனது. மகள் என் கையைப் பிடித்துத் தாழ்த்தினாள். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

நான்காம் நாள்: கேலிட்சின்

வளைவுக்கு மேலே மலையின் உச்சியில், சுரங்கப்பாதைகளின் வாயில் உட்கார்ந்திருக்கிறது இந்தச் சின்ன ஊர். சுரங்கத்துக்குப் பக்கத்துப் பூங்காவில் 1942ஆம் ஆண்டுக் கபூஸ் ஒன்றைப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். பென்சில்வேனியா ரயில்வே தன் கபூஸ்களைக் கேபின் கார் என்று அழைத்தது. இது என்5சி என்ற வகை. ஜன்னல்கள் கப்பலில் இருப்பதுபோல வட்டமானவை. ஒவ்வொரு கம்பெனியிலும் இதற்கு ஒரு செல்லப்பெயர் உண்டாம்: ஹேக், வே கார், கிரம்மி, நாய்க்கூண்டு.

உள்ளே ஏறியதும் என் கண் முதலில் அடுப்பில்தான் போய் நின்றது. கபூஸ் அடுப்புகளைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். மேல்தட்டைச் சுற்றி விளிம்பு உயர்ந்திருக்கும். கூடவந்த முதியவர் ஒருவர் விளக்கினார். இந்தப் பாதையிலேயே கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"விளிம்பு இல்லையென்றால் காபிப் பாத்திரம் மடியில் வந்து விழும், ஐயா" என்றார். "ஸ்லாக் பற்றி உங்களுக்குத் தெரியும் அல்லவா?"

தெரியாமலா! ஒவ்வொரு இணைப்பிலும் சில அங்குலம் தளர்வு இருக்கும். நூறு பெட்டி என்றால் மொத்தம் பத்துப் பதினைந்து மீட்டர்கூட ஆகிவிடும். எஞ்சின் கிளம்பிவிட்டது என்பது கடைசிப் பெட்டிக்குத் தெரியாது. தூரத்தில் டக், டக், டக் என்று ஓர் ஓசை நெருங்கி வரும். அது வந்து சேர்வதற்குள் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காதவனை ஒரே இழுப்பில் சுவரில் அறையும். பிரேக் போடும்போது அதே அடி எதிர்த்திசையில். அந்த ஓசை கேட்டால் எப்படி என்று, அவர் மேலே கைப்பிடியைப் பிடிப்பதுபோலக் காட்டினார். நான் இடது கையால் ஜன்னல் சட்டத்தைப் பிடிப்பதுபோலக் காட்டினேன். மொழி வேண்டியிருக்கவில்லை.

"இடுப்பு ஒடிந்தவர்கள், பல் போனவர்கள் நிறையப் பேர். கபூஸை நான் சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன்" என்றார் அவர். நேர்மையான மனிதர். மலை ஏற்றத்தில் பின்னாலிருந்து தள்ளும் எஞ்சினின் அழுத்தத்தில் பழைய மரக் கபூஸ்கள் நொறுங்கியதையும் சொன்னார். 1914 வாக்கில் இந்தக் கம்பெனி எஃகுக் கபூஸுக்கு மாறியதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று.

பிறகு கொடிக்காரனின் வேலையைப் பற்றிப் பேச்சு வந்தது. ரயில் நடுவழியில் நின்றால் பின் பிரேக்மேன் கொடியும் விளக்கும் எடுத்துக்கொண்டு, வந்த திசையிலேயே திரும்பி நடக்க வேண்டும். பின்னால் வரும் ரயில் மோதாமல் தடுக்க. இங்கே அது விதி எண் 99. தண்டவாளத்தில் வெடிகளை வைப்பார்கள். சக்கரம் ஏறினால் வெடித்து டிரைவரை எச்சரிக்கும். பத்து நிமிடம் சிவப்பாக எரியும் தீக்குச்சி ஒன்றும் உண்டு. எஞ்சின் நீண்ட ஊதல்கள் கொடுத்து அழைத்தால் திரும்ப ஓடிவர வேண்டும். எங்கள் விதியை நான் சொன்னேன்: 600 மீட்டரில் ஒரு வெடி, 1,200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று வெடி. நாங்கள் பட்டாசு என்போம். "இரவு, மழை, தனியாக 1,200 மீட்டர்" என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

இந்த வேலைகள் எல்லாம் எப்படி ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின என்று கேட்டேன். சிக்னல்கள் தானியங்கியானதும் கொடிக்காரன் நடக்க வேண்டியதில்லை என்றானது. ரயிலை வேறு தண்டவாளத்துக்குத் திருப்பும் பாயின்டைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்தே மாற்ற முடிந்ததும், கிளைப்பாதையை விட்டு வெளியேறிய பிறகு இறங்கிப் பாயின்டைத் திருப்பிவைக்கும் ஆள் வேண்டாம் என்றானது. அச்சுக்கு உருளை பேரிங் வந்தது. பாதையோரம் அச்சின் வெப்பத்தை அளக்கும் கருவிகள் வந்தன. கண்டக்டர் மேசையில் எழுதிய சரக்குச் சீட்டுகள் கம்ப்யூட்டருக்குப் போயின. எல்லாம் முடிந்த பிறகு எஞ்சியது ஒரே ஒரு வேலைதான்: ரயிலின் வால்வரை பிரேக் காற்று வந்து சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது. அதையும் அந்தச் சின்னப் பெட்டி செய்யத் தொடங்கியது. ஃப்ரெட் என்று அழைக்கிறார்கள். கப்ளிங்கில் மாட்டி, பிரேக் குழாயோடு இணைத்துவிட்டால் காற்றழுத்தத்தை ரேடியோ வழியாக எஞ்சினுக்குச் சொல்லும். இரவில் சிவப்பாகக் கண் சிமிட்டும்.

1982இல் தொழிற்சங்கத்துக்கும் கம்பெனிகளுக்கும் ஏற்பட்ட ஒப்பந்தம் கபூஸை விலக்க வழிவிட்டது. ஒவ்வொரு மாநிலச் சட்டமாகத் தளர்ந்தது. வர்ஜீனியாவில் மட்டும் 1911ஆம் ஆண்டுச் சட்டம் 1988வரை தாக்குப்பிடித்தது. ஐந்து பேர் ஓட்டிய ரயிலை இன்று இரண்டு பேர் ஓட்டுகிறார்கள், இருவரும் எஞ்சினில்.

ஃப்ரெட்டும் ஒரே நாளில் இன்றைய நிலைக்கு வரவில்லை. தொடக்கத்தில் அதற்குச் சொல்ல மட்டுமே தெரியும், செய்யத் தெரியாது. கபூஸில் இருந்த கண்டக்டருக்கு முன்னே ஒரு வால்வு இருக்கும். நடுவில் எங்காவது குழாய் அடைத்துக்கொண்டு, எஞ்சின் போடும் பிரேக் பின்பாதிக்கு எட்டவில்லை என்றால், அவர் அந்த வால்வை இழுத்து வாலிலிருந்து பிரேக் போட்டுவிடுவார். அந்தக் கையை எடுத்துவிட்டு அதற்கு மாற்று வைக்கவில்லை. கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் 1996 பிப்ரவரி 1 அன்று இறக்கத்தில் ஒரு சரக்கு ரயில் அப்படித்தான் கைமீறிப் போய்த் தடம்புரண்டது. எஞ்சினில் இருந்தவர்களில் இருவர் இறந்தார்கள். எஞ்சினிலிருந்து உத்தரவு பெற்று வாலிலும் பிரேக் போடும் இருவழிக் கருவி 1997இல் கட்டாயமானது. கபூஸில் ஒரு வால்வாக இருந்ததைத் திரும்ப ரயிலில் வைக்க அத்தனை ஆண்டுகளும் இத்தனை உயிர்களும் தேவைப்பட்டன. எனக்கு ஆத்திரம் வருகிறது. பெட்டியை எடுத்தது தவறு என்று நான் வாதிட மாட்டேன். அதில் இருந்தவன் செய்த வேலைகள் என்னென்ன என்று முழுப் பட்டியல் போடாமல் எடுத்ததுதான் தவறு.

பெரியவரின் இடுப்பில் ஒரு ரேடியோ இருந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்து மறைந்தது. சற்று நேரத்தில் ரேடியோவில் ஓர் இயந்திரக் குரல் பேசியது. பாதையோரக் கருவியின் குரல். அச்சுகளின் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு, "குறை எதுவும் இல்லை" என்று முடித்தது. பெரியவர் ரேடியோவைத் தட்டிக்காட்டி, "இப்போது இதுதான் ஐயா கபூஸ்" என்றார்.

விடைபெறும்போது அவர் கைகொடுத்தார். பிரேக் சக்கரம் திருகிய கை. காய்ப்பு எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும், அங்கேயே இருந்தது.

ஐந்தாம் நாள்: ஈஸ்ட் பாலஸ்டைன்

மகளுக்கு இங்கே வர விருப்பமில்லை. "சுற்றுலாவுக்குப் போகிற இடமா அப்பா?" என்றாள். நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

மாநில எல்லையைத் தாண்டியதும் ஓஹையோவின் முதல் ஊர். 2023 பிப்ரவரி 3 இரவு ஒன்பது மணிக்குச் சற்று முன்பாக, கிழக்கு நோக்கி வந்த ஒரு சரக்கு ரயில் இங்கே தடம்புரண்டது. 149 பெட்டிகளில் 38 தடம் விலகின. அவற்றில் 11 பெட்டிகளில் அபாயமான சரக்கு. மூன்று நாள் கழித்து, வினைல் குளோரைடு என்ற நச்சு வேதிப்பொருள் இருந்த ஐந்து டாங்குகளைத் திறந்து எரித்தார்கள். கரும்புகை ஊரை மூடியது.

காரணம், 23ஆம் பெட்டியில் ஒரு பேரிங். பாதையோரக் கருவிகள் அதை மூன்று முறை அளந்திருந்தன. முதலில், சுற்றுப்புறத்தைவிட 38 ஃபாரன்ஹீட் டிகிரி அதிகம். அடுத்து 103. ரயிலை நிறுத்தச் சொல்லும் அளவு அது இல்லை. அடுத்த கருவி ஏறக்குறைய 20 மைல் தள்ளி, இந்த ஊரில்தான் இருந்தது. அது 253 என்று கத்தியபோது நேரம் கடந்துவிட்டது. 103 காட்டிய இடத்தின் பெயரைப் படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. சேலம். ஓஹையோவிலும் ஒரு சேலம் இருக்கிறது. என் வாழ்நாளில் பாதியை நான் எந்தப் பெயருள்ள ஊருக்குப் போய்வந்தேனோ அதே பெயர். அந்தச் சேலத்தில் ஒரு தொழிற்சாலையின் கேமராவில் அந்தப் பெட்டிக்குக் கீழே தீ தெரிகிறது. கேமரா பார்த்தது. ரயிலில் யாரும் பார்க்கவில்லை.

கபூஸ் இருந்திருந்தால் தப்பித்திருக்குமா என்று நேற்றிரவெல்லாம் கணக்குப் போட்டேன். 23ஆம் பெட்டிக்கும் வாலுக்கும் இடையே 126 பெட்டிகள். இரண்டு கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரத்திலிருந்து இருட்டில் ஒரு சக்கரத்தைப் பார்ப்பது கடினம்தான். கபூஸ் காலத்தில் ரயில்கள் இவ்வளவு நீளமாக ஓடியதும் இல்லை. ஆனால் இரவில்தான் தீ நன்றாகத் தெரியும். இருபது மைலில் ஒரு வளைவாவது வந்திருக்கும். கருகும் நெடி பின்னோக்கித்தான் வரும். நான் பார்த்திருப்பேன் என்று அடித்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பார்த்துக்கொண்டிருந்திருப்பேன் என்பதை மட்டும் சொல்ல முடியும்.

நம் நாட்டிலும் கடைசிப் பெட்டிக்குப் பதிலாக ஃப்ரெட் போன்ற கருவியைச் சரக்கு ரயில்களில் பொருத்திச் சோதிக்கத் தொடங்கிவிட்டார்கள். என்னோடு வேலை பார்த்த பையன்கள் போனில் கவலைப்படுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த ஐந்து நாள் குறிப்பையும் விரிவாக எழுதினேன். உங்கள் பெட்டியில் நீங்கள் செய்யும் வேலைகளை எல்லாம் இப்போதே ஒரு தாளில் எழுதுங்கள், தம்பிகளே. விதிப்புத்தகத்தில் இல்லாதவற்றையும் எழுதுங்கள். மூக்கால் செய்வதையும் எழுதுங்கள்.

மாலை ரயில்வே கேட் அருகே நின்றோம். மணி அடித்தது, தடுப்புக் கம்பு இறங்கியது. கிழக்கு நோக்கி ஒரு ரயில். மகள் காரை விட்டு இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றாள். "நான் எண்ணுகிறேன், நீங்கள் சக்கரத்தைப் பாருங்கள்" என்றாள். பெட்டிகள், டாங்குகள், மறுபடியும் பெட்டிகள். 23 என்று அவள் சத்தமாகச் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. கடைசியில் அந்தச் சின்னப் பெட்டி கண் சிமிட்டிக்கொண்டே போனது.

நோட்டை எடுத்து எழுதினேன்: மாலை 4.52. கிழக்கு. 112 பெட்டி. புகை இல்லை, பொறி இல்லை, நெடி இல்லை.